பந்துகளை எண்ணுவது யார்?

முதுகுவலி என்று எங்கள் எலும்பு மூட்டுப் பிரிவுக்கு வரும் இளம் வேகப்பந்து வீச்சாளர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, சென்ற வாரம் எத்தனை பந்து வீசினாய் என்பதே. பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. உடன் வந்த தந்தைக்கு மகன் வீழ்த்திய விக்கெட்டுகளின் எண்ணிக்கை தெரிந்திருக்கிறது; வீசிய பந்துகளின் எண்ணிக்கை தெரிவதில்லை. அவரைக் குறை கூறுவதற்கில்லை. பள்ளிப் பயிற்சியாளருக்கும், அகாடமிப் பயிற்சியாளருக்கும், ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்துப் போட்டிக்கு அழைத்துச் செல்லும் தெரு அண்ணன்மாருக்குங்கூட அது தெரியாது. ஒவ்வொருவரும் தத்தம் பங்கை மட்டுமே காண்கின்றனர். மொத்தத்தையும் சுமப்பது பிள்ளையின் முதுகெலும்பு.

வேகமாக ஓடிவந்து முன்காலை ஊன்றும் கணத்தில், உடல் எடையைப் போல் ஐந்து மடங்கும் அதற்கு மேலுமான விசை காலின் வழியே மேலேறுகிறது. அதே கணத்தில் இடுப்பு பின்னோக்கி வளைந்து, ஒருபக்கம் சாய்ந்து, திரும்பவும் செய்கிறது. வலக்கையால் வீசுபவருக்குப் பெரும்பாலும் கீழ்முதுகின் இடப்பக்கத்தில் மெல்லிய விரிசல் காண்கிறது. இது ஒரே நாளில் நேர்வதன்று. எலும்பு தன்னைச் சீர்செய்துகொள்ளும் முன்பே அடுத்த பந்தும், அதற்கடுத்த பந்தும் வீசப்படுவதால் நேர்வது. அப்பகுதி எலும்போ இருபது வயதைத் தாண்டியும் முழு உறுதி பெறுவதில்லை.

வலி என்றதும் பயிற்சியாளர்கள் பந்துவீசும் முறையைத் திருத்த முனைகின்றனர். இடுப்பு ஒரு திசையிலும் தோள் வேறு திசையிலும் நிற்க வீசும் கலப்பு முறை முதுகுக்குத் தீங்கானது என்பதில் ஐயமில்லை. சென்னையின் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனில் நெடுங்காலம் பயிற்சியளித்த டென்னிஸ் லில்லியே 1973இல் முதுகெலும்பு முறிவுற்று, வீசும் முறையை மாற்றிக்கொண்டு மீண்டு வந்தவர்தாம். ஆயினும் முறையைத் திருத்தத் தேர்ந்த கண் வேண்டும். மாதங்கள் பல வேண்டும். அழகிய முறையில் வீசுபவரும் அளவின்றி வீசினால் முறிவுக்கு ஆளாவர். எண்ணுவதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும், அதை இன்றே தொடங்கலாம். ஆதலால் எண்ணிக்கையே முதலில் வரவேண்டும் என்பது எங்கள் துணிபு.

அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும் சிறுவர்களுக்குப் பாதிக்கப்படுவது முழங்கை. அங்கே சிறுவர் ஆட்டங்களை நடத்தும் லிட்டில் லீக் அமைப்பு, 2007ஆம் ஆண்டு முதல் இன்னிங்ஸைக் கணக்கிடுவதை விட்டு, வீச்சுகளையே எண்ணத் தொடங்கியது. பதினொன்று, பன்னிரண்டு வயதினர்க்கு ஒரு நாளில் 85 வீச்சுகளே உச்சம். அறுபத்தாறைத் தொட்டால் நான்கு நாள் ஓய்வு. கிரிக்கெட்டிலும் இங்கிலாந்து வாரியம் வகுத்த நெறிமுறை உண்டு: பதின்மூன்று வயது வரை தொடர்ந்து 5 ஓவர், நாளொன்றுக்கு 10 ஓவர், பதினான்கு, பதினைந்து வயதில் 6, 12. ஆனால் போட்டியில் மட்டும் எண்ணிப் பயனில்லை. வலைப்பயிற்சியில் வீசியதும், தெருவில் வீசியதும் எலும்புக்கு ஒன்றே.

எங்களை மிகவும் அஞ்சவைப்பது கோடை விடுமுறை. பொதுத்தேர்வுக்காக இரண்டு மாதம் பந்தைத் தொடாத பிள்ளை, முகாமில் சேர்ந்த முதல் நாள் முதலே காலையும் மாலையும் வீசுகிறான். எண்ணிக்கை சிறிதாயினும், திடீரென அது பன்மடங்காவதே ஆபத்து. வாரந்தோறும் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும்.

“எங்கள் காலத்தில் நாள் முழுதும் வீசினோம், ஒன்றும் ஆகவில்லையே” என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. முதுகு முறிந்தவர்கள் அக்காலத்திலேயே ஆட்டத்தை விட்டுச் சென்றிருப்பர். அவர்கள் மைதானத்தின் ஓரத்தில் நின்று கதை சொல்வதில்லை.

ஒருபக்கக் கீழ்முதுகில் வலி, ஒற்றைக்காலில் நின்று பின்னால் வளைந்தால் அது மிகுதல், ஓய்வில் தணிந்து வீசினால் திரும்புதல் ஆகியவை தைலம் தேய்த்து ஆற்றும் வலிக்கான அறிகுறிகள் அல்ல. எக்ஸ்ரேயில் தொடக்கநிலை விரிசல் தெரியாமலே போகலாம், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவைப்படும். காலந்தாழ்ந்தால் மூன்று முதல் ஆறு மாதமோ, அதற்கு மேலுமோ பந்துவீச்சை நிறுத்த நேரும்.

எங்கள் பிழையையும் ஒப்புக்கொள்கிறோம். “ஓய்வு” என்ற ஒற்றைச் சொல்லை மருந்துச்சீட்டில் எழுதி அனுப்பியிருக்கிறோம். எத்தனை நாள், அதன்பின் எத்தனை பந்து என்று எழுதியதில்லை. இனி அந்த எண்ணையும் எழுதுவோம். அடுத்த முறை வரும்போது ஸ்கேன் படத்தோடு, பள்ளி, அகாடமி, தெரு என மூன்றையும் கூட்டிய நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுவாருங்கள்.