சுவரோரத்து எருக்கு

மேனாட்டார் இலையுதிர்காலத் தொடக்கமென்று கூறும் நாட்கள் நமக்குப் புரட்டாசியாகும். நம் மரங்கள் அப்பொழுது இலையுதிர்ப்பதில்லை; இரவிற் பெய்யும் இடிமழையால் மதிற்சுவரோரத்துப் பூண்டுகளெல்லாம் தழைக்க, அவற்றின்மேல் பட்டாம்பூச்சிகள் மிகுகின்றன. அம்மாதத்திலேயே வளாகத்தைச் செப்பனிடவேண்டுமென்று அரிவாளும் மண்வெட்டியும் புறப்படுகின்றன. இவ்வழக்கம் மாறவேண்டுமென்பதே என் கருத்து.

பூச்சியை இனங்காண்பது எங்ஙனம்? இந்நாளிற் பலர் கைப்பேசியிற் படம்பிடித்து, அது கூறும் பெயரை ஏட்டில் எழுதிக்கொள்கின்றனர். அதனை யான் பழிக்கேன். வலைவீசிப் பிடித்து ஊசியிற் குத்துவதினும் அஃது எத்துணையோ மேல். ஆயினும் சிறகின் நிறத்தை மட்டும் நோக்குவாரை ஏமாற்றவல்ல பூச்சிகள் சில உள.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு புரட்டாசிக் காலையில், மாணவர் இருவர் மூவருடன் சுவரோரமாய் நடந்தேன். செம்மஞ்சட் சிறகும், அதன் நுனியிற் கருமையும், கருமையினூடே வெண்பட்டையுமாக ஒரு பூச்சி தாழப் பறந்தது. "வெந்தய வரியன்" என்று கூறி எழுதியும்விட்டேன். முதலாண்டு மாணவி ஒருத்தி, "ஐயா, அஃது எருக்கை நாடவில்லையே, பருப்புக்கீரையிலன்றோ முட்டையிடுகிறது?" என்றாள். அணுகிப் பார்த்தோம். வெந்தய வரியனின் பின்சிறகு நடுவே கரும்புள்ளிகள் மூன்றோ நான்கோ இருக்கும். இதற்கோ முன்விளிம்பில் ஒன்றே. இது வேறோர் இனத்தின் பெண். அவ்வினத்து ஆணோ கருஞ்சிறகில் பெரிய வெண்பொட்டுகள் உடையது. இரண்டும் ஓரினமென்று கண்டவர் எவரும் எளிதில் நம்பார். ஏட்டில் எழுதியதை அடித்துவிட்டேன்.

இவ்வேடத்திற்குக் காரணம் உண்டு. வெந்தய வரியனின் புழு எருக்கிலையைத் தின்று அதன் நஞ்சை உடலிற் சேர்த்துக்கொள்கிறது. ஒருமுறை தின்று கக்கிய பறவை, மறுமுறை அந்நிறத்தை அணுகாது. நஞ்சில்லாத மற்றதன் பெண் அவ்வுடையை இரவல் வாங்கி உயிர்பிழைக்கிறது. கறிவேப்பிலை அழகியின் பெண்களுட் சிலவும், ஈசுவரமூலிக்கொடியில் வளரும் ரோஜா அழகியைப்போல உருக்கொள்ளும். உடல் சிவந்திருப்பின் ரோஜா அழகி, கறுத்திருப்பின் வேடக்காரி! ஆதலின், சிறகு ஐயத்தை விளைக்குமிடத்துச் செடியைக் கேட்கவேண்டும்.

இது புதுமுறையன்று. 1768-இல் தரங்கம்பாடிக்கு டேனிய மிஷன் வைத்தியராய் வந்த கேனிக் என்பவர், லின்னேயுவின் மாணாக்கர். செடிகொடிகளைத் தேடித் திரிந்த அவர் பூச்சிகளையும் சேர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். பபிரீசியு என்னும் டேனிய அறிஞர் அவற்றுட் பலவற்றிற்குப் பெயரிட்டார். செடிநூல் ஒரு வகுப்பிலும் பூச்சிநூல் வேறொரு வகுப்பிலுமாகப் பிரித்துக்கொண்டவர்கள் நாமே.

நிற்க. அந்துப்பூச்சிகளையும் மறத்தலாகாது. மழைபெய்த இரவில் விடுதித் தாழ்வாரத்து விளக்கடியிற் பார்க்கலாம். உணர்கொம்பின் நுனி குமிழாயிருப்பின் பட்டாம்பூச்சி. இழைபோலவோ இறகுபோலவோ இருப்பின் பெரும்பாலும் அந்துப்பூச்சி. எள்ளிலையில் வளர்ந்து, முதுகில் மண்டையோடு போன்ற குறியுடன் வரும் பெரிய அந்து ஒன்றுண்டு. அதனைக் கண்டு அபசகுனமென்று துடைப்பம் தேடினோரை யான் அறிவேன். பிடித்தாற் கீச்சிடும், தேனடையிற் புகுந்து தேன் திருடும், மனிதர்க்கு யாதொரு தீங்கும் செய்யாது.

மேற்கூறிய மாணவியும் யானும் அடுத்த வாரம் எருக்கிலையின் புழுக்களைக் காணச் சென்றோம். விழாவொன்றை முன்னிட்டு அவ்வரிசை முழுதும் வேரோடு களையப்பட்டிருந்தது. தோட்டக்காரர்மேற் குற்றமில்லை, சொன்னதைச் செய்தார். "எருக்கு முளைத்த இடம் பாழ் என்பார்களே, அம்மா" என்று அவளிடம் வருந்தியே கூறினார்.

பூண்டு மண்டினாற் பாம்பு வரும் என்பர். மெய்தான்; விடுதியின் அருகும் நடைபாதையும் மைதானமும் வெட்டப்படட்டும். மேற்குச் சுவரையொட்டிய பத்தடி நிலத்தை மட்டும் கார்த்திகை முடியுமளவும் விட்டுவைத்தாற் போதும். எருக்கோடு தேள்கொடுக்கும் கிலுகிலுப்பையும் அங்கே நிற்கட்டும். வடகிழக்கு மழைக்கு முன்னே மேற்குமலை நோக்கிக் கூட்டமாய்ச் செல்லும் நீல வரியன்களுள் ஆண்பூச்சிகள் அவ்விரண்டையும் நாடி இறங்கும். 2019-இல் நம் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனைக் காண மலையேறவேண்டும்; இவற்றைக் காண வகுப்புக்குக் கால்மணி முன்னே வந்தாற் போதும்.

பூண்டு வெட்டும் ஆணை ஆவணிக் கடைசியில் எழுதப்படுவது வழக்கம். அதற்குமுன் இவ்விதழ் உரியவர் கையிற் சேருமென்று நம்புகிறேன்.