மடி ஓர் ஆசனமன்று

ரொறன்ரோவில் வாழும் எமது உறவினர் எவரையும் கேட்டுப் பாருங்கள். நான்கு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்துத் தெருக் கடைக்குக்கூட அவர்கள் காரில் போவதில்லை. ஒன்ராறியோ மாகாணச் சட்டப்படி பிள்ளை எட்டு வயதை எட்டும்வரை, அல்லது 36 கிலோ எடையையோ 145 சென்ரிமீற்றர் உயரத்தையோ தொடும்வரை, அதற்குரிய தனி ஆசனம் கட்டாயம். பிரித்தானியாவில் 12 வயது அல்லது 135 சென்ரிமீற்றர். ஜேர்மனியில் 12 வயது அல்லது 150 சென்ரிமீற்றர். இந்த இலக்கங்களை அவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் நாளிலேயே காரில் ஆசனம் பூட்டப்பட்டிருக்கும்.

அதே பெற்றோர் ஓகஸ்ட் மாதத்தில் கட்டுநாயக்காவில் வந்து இறங்குகிறார்கள். விமானத்தின் பட்டியைக் கழற்றும்போதே அந்தச் சட்டமும் கழன்று விழுந்துவிடுகிறது. வெளியே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வான் நிற்கிறது. வானுக்குள் அம்மம்மா, சித்தப்பா, மச்சான், மச்சானின் பிள்ளைகள் என்று எட்டுப் பத்துப் பேர். கடைசி வரிசையை மடித்துப் பெட்டிகளை அடுக்குகிறார்கள். பிள்ளை தாயின் மடிக்குப் போகிறது, அங்கிருந்து அம்மம்மாவின் மடிக்குப் போகிறது. நள்ளிரவில் புத்தளம், அதிகாலையில் அநுராதபுரம், விடியும் நேரத்தில் வவுனியா. 350 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட அந்த வழி முழுவதும் பிள்ளையைப் பிடித்திருப்பவை நித்திரை தூங்கும் ஒரு மூதாட்டியின் இரண்டு கைகள் மட்டுமே.

ஊருக்குப் போக வாகனம் பிடிப்பதென்றால் எம்மவர் கேட்கும் கேள்விகள் எனக்கு நன்கு தெரியும். எத்தனை பேர் இருக்கலாம்? குளிரூட்டி வேலை செய்யுமா? ஆசனம் சாயுமா? வாடகை எவ்வளவு? பிள்ளை எந்த இடத்தில், எதனால் கட்டப்பட்டு இருக்கும் என்ற கேள்வி மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. அதுவே முதலாவது கேள்வியாக இருக்கவேண்டும் என்பதும், அதற்கு விடையில்லாத வாகனம் எவ்வளவு சொகுசானதாயினும் வேண்டாமென்று திருப்பி அனுப்பப்படவேண்டும் என்பதுமே என் வாதம்.

முதலில் அந்த வானைப் பார்ப்போம். எமது வீதிகளில் ‘டொல்பின்’ என்ற செல்லப்பெயருடன் ஓடும் பழைய ரொயோற்றா ஹயஸ் வான்களில் இயந்திரம் முன்னாசனங்களுக்குக் கீழே இருக்கிறது. சாரதியின் முழங்காலுக்கும் எதிரே வரும் லொறிக்கும் இடையில் இருப்பது ஒரு தகடும் ஒரு கண்ணாடியுமே. அந்த முன்னாசனத்தில்தான், புதினம் பார்க்கட்டும் என்று, வெளிநாட்டுப் பிள்ளையை ஏற்றிவிடுகிறோம். பின்னால் நிலைமை வேறு விதம். இங்கு ஓடும் பல வான்கள் யப்பானிலிருந்து சரக்கு வான்களாக வந்து, உள்ளூர்ப் பட்டறைகளில் ஆசனம் பூட்டப்பட்டவை. அந்த ஆசனங்களை நிலத்தட்டுடன் பிணைக்கும் ஆணிகள் எத்தகைய மோதலைத் தாங்கும் என்று எவரும் சோதித்துப் பார்த்ததில்லை. நடைவழியை மறைத்து விரிக்கும் மடக்கு ஆசனங்களில் பட்டியே இராது. மற்றவற்றில் இருந்தால், அது பெரும்பாலும் இடுப்பை மட்டும் சுற்றும் பட்டி.

இந்த இடுப்புப் பட்டி விடயத்தைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கான உயர்த்தும் ஆசனம் இருக்கிறதே, அது தானாக எதையும் பிடித்து வைத்திருப்பதில்லை. தோளுக்குக் குறுக்காகவும் இடுப்புக்கு மேலாகவும் வரும் மும்முனைப் பட்டி, பிள்ளையின் கழுத்திலும் வயிற்றிலும் விழாமல் தோள் எலும்பிலும் இடுப்பு எலும்பிலும் விழும்படி பிள்ளையை உயர்த்திவைப்பதே அதன் வேலை. மும்முனைப் பட்டி இல்லாத இடத்தில் அந்த ஆசனத்தை வைப்பது வெறும் மணைக்கட்டை போடுவதற்குச் சமம். ஆகவே லண்டனிலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாலும், வானின் மூன்றாம் வரிசையில் அது உதவாது. வாகனத்தை முதலில் தீர்மானித்துவிட்டு ஆசனத்தைப் பிறகு யோசிப்பவர்கள் இங்கேதான் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

‘தாய் மடியைவிடப் பாதுகாப்பான இடம் உண்டா?’ என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஊர்மனைக்குள் சட்டம் அனுமதிக்கும் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் எதிலோ மோதிப் பத்தில் ஒரு செக்கனில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஒவ்வோர் உடலும் தன் எடையைப்போல் ஏறத்தாழ 14 மடங்கு விசையுடன் முன்னோக்கிப் பாயும். 12 கிலோப் பிள்ளையைப் பிடித்திருக்க 170 கிலோவைத் தாங்கும் கைகள் வேண்டும். சீமெந்து மூட்டைகள் மூன்றுக்கும் மேல். எந்தத் தாயாலும் அது முடியாது. பாசம் குறைவென்பதால் அன்று, தசையும் எலும்பும் அவ்வளவுதான் என்பதால். தாயும் பட்டி அணிந்திராவிட்டால், 60 கிலோ எடையுள்ள அவரது உடல் அதே 14 மடங்குடன் முன்னாசனத்தின் முதுகில் போய் மோதும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது பிள்ளை.

வாகனம் என்று நான் சொல்லும்போது அதன் சாரதியையும் சேர்த்தே சொல்கிறேன். பத்திரிகை அலுவலகத்தில் பல ஆண்டுகள் இருந்தவர்களுக்கு ஒரு வரி கைப்பழக்கமாகவே வந்துவிடும்: ‘சாரதியின் நித்திரைக் கலக்கமே விபத்துக்குக் காரணமெனப் பொலிஸார் தெரிவித்தனர்.’ இடமும் இலக்கமும் மாறும், வரி மாறாது. அதிகாலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் நிகழ்ந்தது என்று எத்தனை செய்திகளை நான் செம்மைப்படுத்தியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதும் ஓர் அதிகாலையில்தான். காரணங்களை விசாரணை செய்வோர் சொல்லட்டும். நேரத்தை நான் குறித்துக்கொண்டேன்.

இனி எமது விமான நிலைய வானின் சாரதியை எண்ணிப் பாருங்கள். அன்று காலை யாழ்ப்பாணத்தில் எழும்பியவர். உறவினரை ஏற்றிக்கொண்டு பகல் முழுவதும் ஓடித் தெற்கே வந்தவர். விமானம் தாமதம். வாகனத் தரிப்பிடத்தில் ஒரு மணித்தியாலம் கண்ணயர்ந்திருப்பார், அவ்வளவுதான். அவரிடமே இரவோடு இரவாகத் திரும்பவும் ஓடச் சொல்கிறோம். ஐரோப்பாவில் லொறி ஓட்டும் எமது பிள்ளைகளுக்குத் தெரியும்: நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாகவேண்டும், தவறினால் தண்டம். தக்காளிப்பழம் ஏற்றும் வண்டிக்கு இருக்கும் விதி தன் பிள்ளையை ஏற்றும் வண்டிக்கு இல்லையே என்று அவர்களுக்கும் தோன்றுவதில்லை. வவுனியாவுக்கு வடக்கே, கட்டாக்காலி மாடுகள் வீதியின் சூட்டுக்குப் படுத்துக் கிடக்கும் அந்த இருட்டில், சாரதிக்கு நித்திரை வராமலிருக்க முன்னாசனத்தில் இருப்பவர் கதை சொல்லிக்கொண்டு வருவார். முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கினால் எல்லாம் சரி. பிள்ளையார்மீது எனக்குக் குறையில்லை. பொறுப்பு முழுவதையும் அவரிடமே விட்டுவிடுகிறோம் என்பதே என் குறை.

வரவேற்கப் பத்துப் பேர் போகும் வழக்கத்தை நான் ஏளனம் செய்யவில்லை. 1990இல் மூடப்பட்டு, 2002இல் திறந்து, 2006 ஓகஸ்டில் மறுபடி மூடப்பட்ட பாதை அது. கொழும்பு லொட்ஜ்களில் மாதக்கணக்காகக் காத்திருந்து, எவரும் வழியனுப்ப வரமுடியாமல் விமானம் ஏறிய தலைமுறை இப்போது பிள்ளைகளோடு திரும்பி வருகிறது. அவர்களை வாசலிலேயே கட்டியணைக்க வேண்டுமென்று ஊரிலிருப்பவர்கள் துடிப்பது இயல்பு. ஆயினும் அந்த அணைப்பைப் பன்னிரண்டு மணித்தியாலம் தள்ளி, வீட்டு வாசலில் வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

அதே தலைமுறையிடம்தான் இன்னொரு பதிலும் கிடைக்கிறது: ‘ஷெல்லுக்கும் கிபிருக்கும் தப்பி வந்தோம், இந்த வானுக்கா பயப்படுவது?’ இந்த வீறாப்பு எனக்கு விளங்குகிறது, ஏற்கமுடியவில்லை. உலகெங்கும் ஐந்து வயதுக்கும் 29 வயதுக்கும் இடைப்பட்டோரை அதிகம் பலிகொள்வது வீதி விபத்தே என்று உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. இலங்கையில் ஆண்டுதோறும் வீதிகளில் மாள்வோர் 2,000க்கும் மேல். போரில் பதுங்குகுழி வெட்டியவர்கள் நாம். ஆபத்து வருமுன் பிள்ளையை எங்கே வைப்பதென்று எமக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை.

சட்டத்தை நம்பிப் பயனில்லை. முன்னாசனங்களுக்குப் பட்டி கட்டாயம் என்ற விதி 2011இல் வந்தது. அதுவும் முதலில் பொலிஸாருக்காக அணிந்தது, பிறகு பழக்கமானது. பிள்ளைக்கு ஆசனம் எங்கே என்று ஏ-9 வீதியில் வாகனத்தை மறித்துக் கேட்ட ஒரு பொலிஸாரை நான் இதுவரை கண்டதில்லை. வாடகைக்கார் சாரதி ஒருவரிடம் பின்னாசனத்தில் பட்டி இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டபோது, ‘அது ஏன் ஐயா, பின்னால இருந்தா பொலிஸ் பிடிக்காது’ என்றார். நல்ல மனிதர், எனக்கு உதவி செய்வதாகவே நினைத்திருப்பார்.

அப்படியானால் எதைத் தெரிவு செய்வது? தாயோ தந்தையோ ஒருவர், பிள்ளை ஒன்றோ இரண்டோ என்றால், பதினான்கு பேர் இருக்கும் வான் வேண்டியதேயில்லை. மூடிய பெட்டியும் பின்னாசனத்தில் மும்முனைப் பட்டிகளும் உள்ள ஒரு நடுத்தரக் கார் போதும். சிறிய யப்பானியக் கார்கள் மலிவு என்பது உண்மை. ஆனால் 660 சீசீ வகைக் கார்கள் 3.4 மீற்றருக்கு மேல் நீள முடியாதென்பது யப்பானிய விதி. அந்த நீளத்துக்குள் நாலு பேரை அடக்கிவிட்டால் பின்னாசனத்துக்கும் பின்கண்ணாடிக்கும் இடையில் ஒரு சாண் மிஞ்சும். நகருக்குள் ஓட அது போதும். லொறிகளோடு எட்டு மணித்தியாலம் ஓட நான் அதைத் தெரிவு செய்யமாட்டேன்.

காரைப் பேசிமுடிக்கும் முன் பின்னாசனத்தில் ஏறி இருங்கள். பட்டியை இழுத்துப் பாருங்கள். பூட்டும் முனை எங்கே என்று தேடுங்கள். ஆசனத்துக்கு அழகாக உறை தைத்துப் போட்டு, பூட்டுகளை அதன் அடியில் புதைத்து வைப்பது எமது நாட்டு வழக்கம். உறையைக் கழற்றச் சொல்லத் தயங்கவேண்டாம். ரயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பூ மிச்சமிருப்பதைக் காட்டிப் புது ரயர் என்பார்கள்; இலக்கத்தைப் பாருங்கள். கைக்குழந்தையின் பின்னோக்கிய ஆசனத்தைக் காற்றுப்பை உள்ள முன்னாசனத்தில் ஒருபோதும் வைக்கவேண்டாம். காற்றுப்பை விரியும் வேகமே குழந்தையைக் கொன்றுவிடும். ஆசனத்தை அங்கிருந்தே கொண்டுவாருங்கள். பெரும்பாலான விமான நிறுவனங்கள் அதற்குத் தனிக் கட்டணம் அறவிடுவதில்லை. இங்கே வாடகைக்குத் தேடினால் கிடைப்பது அரிது.

ஆசனத்தில் கட்டினால் பிள்ளை அழும் என்பார்கள். அழும். அழுகிற பிள்ளையை நீர்கொழும்பிலும் புத்தளத்திலும் இறக்கி நடக்கவிடலாம். இரவில் ஓடுவதால்தான் நிறுத்த இடமில்லாமல் போகிறது. வந்திறங்கிய இரவை நீர்கொழும்பில் கழித்துவிட்டு, நித்திரை கொண்ட ஒரு சாரதியுடன் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால், அநுராதபுரத்தில் மதிய உணவு உண்டு வெளிச்சத்திலேயே வீடு போய்ச் சேரலாம். ஓர் இரவு அறைக் காசு வீண் என்று கணக்குப் பார்ப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. மண்டபத்துக்கும் மேளத்துக்கும் அவர்கள் எண்ணிக் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் வெளிநாட்டுக் காசுக்காரருக்கான பேச்சு, உள்ளூர்வாசி என்ன செய்வான் என்று கேட்பது நியாயமே. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. வரியோடு சேர்த்தால் ஓர் ஆசிரியரால் கார் வாங்க முடியாது. தந்தை, தாய், இடையில் இரு பிள்ளைகள் என்று மோட்டார் சைக்கிளில் போகும் குடும்பத்துக்கு நான் உபதேசம் செய்யப்போவதில்லை. ஆனால் மடுவுக்கும் திருகோணமலைக்கும் முச்சக்கரவண்டியில் குடும்பத்தோடு போகிறார்களே, அதைத் தவிர்க்கலாம். மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடாதென்று சட்டமே கட்டுப்படுத்திய, கதவில்லாத வண்டி அது. கொழும்புக்கென்றால் ரயில் இருக்கிறது. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 1990இல் நின்று, 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது. பாதைத் திருத்த வேலைக்காக 2023இலும் மாதக்கணக்கில் நின்றது. ஆகவே ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டே திட்டமிடவேண்டும். ஓடும் நாட்களில், பட்டியே இல்லாமல் பிள்ளையை எழுந்து நடக்கவிடக்கூடிய ஒரே நெடுந்தூர வாகனம் அது. ஒன்றையொன்று முந்தி ஓடும் இரவுநேரச் சொகுசு பஸ்ஸில் பிள்ளையோடு ஏறியே தீரவேண்டுமென்றால், கதவோரத்து முன்னாசனத்தை மட்டும் எடுக்காதீர்கள். காற்று வரும் என்று அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

நல்லூர்க் கொடியேற்றத்தை ஒட்டி வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வாரங்களில் நல்ல கார்களும் நித்திரை கொண்ட சாரதிகளும் கிடைப்பது கடினம். விமானச்சீட்டு எடுக்கும் அன்றே ஊருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்: வான் வேண்டாம், ஒருவரும் வரவேண்டாம், மறுநாள் பின்னேரம் வந்து சேருவோம். சித்தப்பா கோபிப்பார். பிள்ளையைக் கண்டதும் ஆறிவிடுவார்.