நெஞ்சில் குத்திய பற்றுச்சீட்டு

டிசம்பர் 7 அன்று நீட்டப்படும் உண்டியலில் பணம் இட்டால், சட்டையில் குத்திக்கொள்ளச் சிறு காகிதக் கொடி ஒன்று கிடைக்கும். அதன் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் ஆகிய நிறங்கள் நம் முப்படைகளைக் குறிப்பன. மறுநாள் காலையில் அது குப்பைக்கூடையில் கிடக்கும். என் வீட்டிலும் நெடுங்காலம் அப்படித்தான்.

இவ்வழக்கம் முதல் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனில் வேரூன்றியது. நிதி தந்தவரின் சட்டையில் காகிதக் கொடியோ தகரச் சின்னமோ குத்துவார்கள். இவர் தந்துவிட்டார், மீண்டும் கேட்க வேண்டாம் என்பது அதன் பொருள். வசூல் பெருகவே மோசடியும் நுழைந்தது. தெரு வசூலை முறைப்படுத்த 1916-இல் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. இன்று அச்சின்னங்களைச் சேகரிப்போர் அருமையையும் துருவையும் பார்த்து விலை பேசுகின்றனர். அந்தப் பணம் யாரைச் சேர்ந்தது என்று வினவுவோர் குறைவு.

இலங்கையில் அவ்வினா எழுந்தது. நவம்பர் 11 அன்று விற்ற பாப்பிப் பூக்களின் வருவாயில் பெரும்பகுதி பிரிட்டனுக்கே சென்றது. அதை எதிர்த்து, 1930-களில், அதே நாளில் பூவரசம்பூவை விற்ற 'சூரியமல்' இயக்கம் தோன்றியது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது அவ்வியக்கத்தார் சிற்றூர்களில் நிவாரணப் பணி செய்தனர். ஒரு பூவைத் தேர்ந்தெடுப்பதுகூடக் கணக்குக் கேட்பதுதான்!

நம் கொடி நாள் 1949-இல் தொடங்கியது. 1993-இல் பல நிதிகள் இணைந்து படைவீரர் கொடி நாள் நிதியாயின. போரில் கணவரை இழந்தோர்க்கும் உறுப்பிழந்த வீரர்க்கும் முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கும் அது பயன்படுகிறது. பெங்களூருவில் இது தொலைதூரச் செய்தியன்று. மதராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையகம் அல்சூர் ஏரிக்கு அருகிலேயே உள்ளது. பிரிகேட் சாலையும் ரெசிடென்சி சாலையும் கூடுமிடத்தில், கடைக்கூட்டத்தின் நடுவே, மதராஸ் பயனியர் வீரர்களின் நினைவுத்தூண் நிற்கிறது. அதன் அடியில் நண்பருக்காகக் காத்திருப்போர் பலர். எழுத்துகளைப் படிப்போர் சிலரே.

இப்போது கைப்பேசியிலேயே நன்கொடை அனுப்பிவிடுகிறோம். அது பாதுகாப்பானது, பற்றுச்சீட்டும் உடனே வரும். நானும் அப்படியே செய்கிறேன். ஆயினும் நாம் தந்ததை எதிரில் வருபவர் அறியவும், அவரும் தரத் தூண்டப்படவும் அதில் இடமில்லை. எனவே ஒரு கொடியையும் வாங்கிக் குத்திக்கொள்கிறேன். மாலையில் அதன் பின்புறம் ஆண்டையும் தொகையையும் எழுதிப் பழைய பாஸ் புத்தகத்துள் வைக்கிறேன். அதில் இதுவரை ஆறு கொடிகள் சேர்ந்துள்ளன.