தேதி எங்கே?

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடும். ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்து, போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் மலையேறிப் போவார்கள். அவர்களில் ஒருத்தி, எங்கள் தெருக்காரி, போன மாதம் தன் கைப்போனை என்னிடம் நீட்டினாள்.

"ஐயா, ரெண்டு நாளா என்னென்னமோ விளம்பரம் தானா வந்து விழுகுது. கூலிப் பணம் இதுலதான வருது? பயமா இருக்குய்யா."

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன், யந்திரம் படித்தவனல்ல. ஆயினும் பேரன் கற்றுக் கொடுத்தபடி உள்ளே போய்ப் பார்த்தேன். வேண்டாத ஆப் ஒன்று புகுந்திருந்தது; எடுத்தேன், விளம்பரம் நின்றது. திருடன் திண்ணையோடு போய்விட்டான் என்று வைத்துக்கொள்வோம். உள்ளறைப் பூட்டு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? பார்த்தேன். போன் 2020-இல் வாங்கியது. கடைசியாகப் பாதுகாப்புத் திருத்தம் வந்தது 2021-இல். 'புதிய திருத்தம் உண்டா?' என்று பொத்தானை அமுக்கினேன். 'உங்கள் சிஸ்டம் முற்றிலும் புதுப்பிக்கப்பட்ட நிலையில் உள்ளது' என்று கூசாமல் பதில் சொல்லிற்று!

அந்த ஒரு வரிப் பொய்யின் மீதுதான் எனக்குக் கோபம்.

ஏலக்காயை உரித்தால் தோலுக்குள் அரிசி இருக்கிறது, மணமெல்லாம் அதில்தான். போனிலும் நாம் பார்க்கிற படமும் பொத்தானும் தோல். உள்ளேயிருந்து எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிற அரிசிக்குக் கெர்னல் என்று பெயர். ஆண்ட்ராய்டு போன்களுக்குள் இருப்பது லினக்ஸ் கெர்னல். 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் எழுதத் தொடங்கியது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். அதைச் செப்பனிடுகிற ஆயிரக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் கம்பெனிகளில் சம்பளம் வாங்குகிறவர்கள்தாம். எனினும் அவர்கள் உழைப்பின் பலன் பொதுச்சொத்து. இரண்டு, இரண்டரை மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வருகிறது. இடையிடையே, பெரும்பாலும் வாரம் தவறாமல், ஓட்டைகளை அடைக்கும் ஒட்டுகள் வருகின்றன.

ஒட்டு வந்தும் நம் கைக்குச் சேராவிட்டால் என்ன ஆகும்? 2016 அக்டோபரில் 'டர்ட்டி கவ்' என்று பெயர் சூட்டப்பட்ட ஓர் ஓட்டையை அடைத்தார்கள். பல வருஷமாக உள்ளேயே கிடந்த ஓட்டை. பதினோரு வருஷத்துக்கு முன் தாமே அதை அடைக்கப் பார்த்துச் சரியாகச் செய்யாமல் விட்டதாக டோர்வால்ட்ஸ் அந்த ஒட்டின் குறிப்பிலேயே ஒப்புக்கொண்டார். ஊரறியக் குற்றத்தை ஒப்புக்கொள்கிற அந்த யோக்கியதைக்கு என் வணக்கம். ஆண்ட்ராய்டுக்கான ஒட்டும் அந்த வருஷ முடிவுக்குள் வந்துவிட்டது. ஆனால் 2017 செப்டம்பரில், அதே ஓட்டை வழியாக 'ஸ்நியூ' என்ற திருட்டு நிரல் போன்களுக்குள் நுழைந்து, சொந்தக்காரருக்குத் தெரியாமலே எஸ்.எம்.எஸ். மூலம் பணம் கறந்துகொண்டிருந்தது அம்பலமாயிற்று. சிக்கியவர்களில் பெரும்பாலோர் சீனாவிலும் இந்தியாவிலும் இருந்தவர்கள். மருந்து தயாராகி ஏறக்குறைய ஒரு வருஷம் ஆன பிறகும் நோயாளிக்குப் போய்ச் சேரவில்லை!

வழியில் நின்றது யார்? பொதுக் கெர்னலை எடுத்து, தன் சில்லுக்கேற்ற சரக்கைச் சேர்த்து, பூட்டுப் போட்டு விற்கிற போன் கம்பெனிதான். ஒட்டை அது பொருத்தித் தந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. நம் தெருக்காரி தானே பொருத்திக்கொள்ள முடியாது.

"ஓடுகிற வண்டியை ஏன் நோண்ட வேண்டும்?" என்பார் சிலர். ஏலத்தோட்டக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கட்டே நோய் கண்ட தூரை வேரோடு பிடுங்காமல் 'இருக்கட்டும், காய் வருகிறதே' என்று விட்டால், அசுவினி அதை அடுத்த தூருக்குக் கொண்டு போகும். அப்புறம் அடுத்த தோட்டத்துக்கும். "அப்டேட் போட்டால் போன் மந்தமாகிறதே!" என்பார் வேறு சிலர். இதில் உண்மை உண்டு. ஆனால் மந்தமாக்குவது பெரும்பாலும் கூடவே வருகிற புது ஜோடனைகள். ஓட்டையடைக்கும் ஒட்டைத் தனியே கொடு என்று கேட்போம். ஒட்டே வேண்டாம் என்பது பேதைமை.

"மலிவுப் போனுக்கு இதற்கு மேல் எதிர்பார்க்கலாமா?" என்பது மூன்றாவது வாதம். இதைத்தான் நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. கெர்னல் இலவசமாக வந்தது. அதற்கான ஒட்டும் இலவசமாக வருகிறது. பொருத்திச் சோதிப்பதற்குச் செலவு உண்டு, மறுக்கவில்லை. அதை விலையில் சேர்த்துச் சொல்லட்டும். கெர்னலின் உரிமப் பத்திரம் மூலநிரலைக் கொடு என்கிறது. ஒட்டுப் போட்டுக் கொடு என்று சொல்லவில்லை. பத்திரம் அங்கே நின்றுவிடலாம். நியாயமும் அங்கேயே நின்றுவிட வேண்டுமா?

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எதுவரை பாதுகாப்புத் திருத்தம் தருவோம் என்பதை விற்கும்போதே சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல், ஒரு ரகப் போனின் விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது ஐந்து வருஷம் திருத்தம் தர வேண்டும். அங்கே முடிகிற காரியம் இங்கே ஏன் முடியாது? நம் கடையில் வாங்கும் பெட்டியில் விலை அச்சாகியிருக்கிறது. தயாரித்த மாதம் அச்சாகியிருக்கிறது. திருத்தம் நிற்கும் தேதியையும் பக்கத்திலேயே தமிழில் அச்சடிக்கட்டும். அந்தத் தேதி கடந்த பிறகு, 'இந்தப் போனுக்கு இனி நாங்கள் பொறுப்பில்லை' என்று திரையில் உள்ளதைச் சொல்லட்டும்.

போடியில் ஏலக்காய் ஏலம் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. ஆனாலும் வியாபாரி மாதிரிக் காயைக் கையில் வாங்கி, நிறம் பார்த்து, திரட்சி பார்த்துத்தான் விலை கேட்கிறார். அந்தக் காயைப் பறித்துக் கொடுத்தவளுக்கு, தான் வாங்கும் பொருளின் ஆயுளை அறிகிற உரிமை இல்லையா?

"அப்போ புதுப் போன் வாங்கணுமாய்யா?" என்று அவள் கேட்டாள். திரை உடையவில்லை, பாட்டரி சாகவில்லை. அவள் ஒரு குற்றமும் செய்யவில்லை. "வாங்கத்தான் வேண்டும், தாயே" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நானுமல்ல.