கடினம் என்னும் கதவடைப்பு

கரிசல் காட்டுப் பிள்ளைகளுக்கு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முந்தைய அக்கிரகாரக் கதை எதற்கு என்று கேட்பவர்கள் தமிழாசிரியர்களான நம்மிடையே பெருகிவிட்டார்கள். அருப்புக்கோட்டையைச் சுற்றிய சிற்றூர்களிலிருந்தும் திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்க்கரை ஊர்களிலிருந்தும் பேருந்து பிடித்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் ‘கமலாம்பாள் சரித்திரம்’ செரிக்காதாம். வடமொழி மிகுந்த நடை, கதையை நிறுத்திவிட்டுப் பேசப்போகும் ஆசிரியர், பிற்பாதி முழுக்க வேதாந்தம் என்று காரணங்களை அடுக்குகிறார்கள். கருணையோடு சொல்வதுபோலத் தோன்றும் இந்தப் பேச்சில் கருணை இல்லை என்பதே நம் வாதம்.

பி. ஆர். ராஜமையர் வத்தலக்குண்டில் 1872இல் பிறந்து 1898இல் மறைந்தவர். ‘விவேக சிந்தாமணி’யில் 1893 முதல் 1895 வரை இந்த நாவலைத் தொடராக எழுதியபோது அவருக்கு வயது இருபதை ஒட்டியதுதான். அதாவது, நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவரின் வயதுக்காரர் எழுதிய நூல் இது. மாதந்தோறும் அடுத்த பகுதிக்காகக் காத்திருந்த வாசகர்களுக்காக எழுதப்பட்டது, தேர்வுத்தாளுக்காக எழுதப்பட்டதன்று. இதைக் கடினமான நூலாக்கியவர்கள் யார்?

நாம்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டே மேலே எழுதுகிறோம். பல ஆண்டுகள் நாமும் இந்த நாவலை நான்கு பக்கக் கதைச்சுருக்கமாகவே நடத்தினோம். முத்துஸ்வாமி ஐயர், கமலாம்பாள், குழந்தை காணாமற்போதல், அவதூறு, துறவு. கதைமாந்தர் பண்புநலன் ஐந்து மதிப்பெண், நடைநலன் ஐந்து மதிப்பெண். சுருக்கத்தில் இந்த நாவலின் உயிர் மிஞ்சுவதில்லை. உயிர் போனதைக் கையில் கொடுத்துவிட்டு மாணவனுக்குச் சுவையுணர்வு இல்லை என்று ஓய்வறையில் அமர்ந்து வருந்தியிருக்கிறோம்.

ஓராண்டு, வேறு வழியின்றி நூலையே வகுப்பில் உரக்கப் படிக்கத் தொடங்கினோம். பெண்கள் கூடி ஊர்க்கதை பேசும் ‘வம்பர் மகாசபை’ வந்தபோது கடைசி வரிசையிலிருந்து சிரிப்பு எழுந்தது. “ஐயா, இது எங்க ஊர்க் குழாயடி” என்றாள் ஒரு மாணவி. நான்கு நாளுக்கொருமுறை வரும் குடிநீருக்குக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் ஊரில், ஒரு குடும்பத்தின் மானம் எப்படிக் குடத்தோடு குடமாக வீடு வீடாகச் செல்லும் என்பதை அவளுக்கு எந்த உரையாசிரியரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இந்நாவலின் முழுப்பெயரில் ‘ஆபத்துக்கிடமான அபவாதம்’ என்றொரு பகுதி உண்டு. அபவாதம் என்ற சொல் தெரியாதவர்களுக்கு ‘அபாண்டமான பழி’ தெரியும். ஒரு சொல்லுக்கும் இன்னொரு சொல்லுக்கும் இடையே ஒரு தெருதான் தூரம். கைபிடித்துக் கடக்கச் செய்யத்தான் ஆசிரியர் இருக்கிறார்.

கதை கிளைபிரிந்து போகிறது என்ற புகாரும் நிற்காது. நம் பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் வள்ளி திருமண நாடகம் விடிய விடிய நடக்கிறது. வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் தொடங்கினால் கதை மணிக்கணக்கில் ஓரடி நகராது. ஒருவரும் எழுந்து போவதில்லை. அந்தக் கூட்டத்தில் அமர்ந்து வளர்ந்த பிள்ளைக்குக் கிளைக்கதை கேட்கும் பொறுமை இல்லை என்று எந்த ஆதாரத்தில் சொல்கிறோம்?

அடுத்தது வேதாந்தம். முற்பாதி நாவல், பிற்பாதி உபதேசம் என்பது விமர்சகர் பலர் சொல்லிவந்த குறை. அக்குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் குடும்பத்தை விட்டு ஒருவர் கிளம்பிப்போவது திருச்சுழிக்கு அயலான செய்தியா? அவ்வூரில் 1879இல் பிறந்த வேங்கடராமன், தொடர் முடிந்த மறு ஆண்டு, 1896இல், மதுரையிலிருந்து யாரிடமும் சொல்லாமல் திருவண்ணாமலைக்குக் கிளம்பினார். உலகம் பின்னாளில் அவரை ரமணர் என்று அறிந்தது. முத்துஸ்வாமி ஐயரின் துறவைப் படிக்கையில் வகுப்பில் எழுந்த கேள்வி பிரம்மத்தைப் பற்றியதன்று. “வீட்டுல இருந்தவங்க என்ன ஆனாங்க?” என்பதே அது. பிற்பாதியைப் பற்றி இதைவிடக் கூரிய விமர்சனத்தை நாம் அதிகம் படித்ததில்லை.

இனி, நம்மைத் தலைகுனிய வைத்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நாவலின் கொள்ளைக்காரன் பெயர் பேயாண்டித் தேவன். அந்தப் பகுதி வந்தபோது ஒரு மாணவர் எழுந்து, “திருடன்னா எங்க ஆளுதானாய்யா?” என்று கேட்டார். வகுப்பு அமைதியாயிற்று. நாம் அன்று பக்கத்தைப் புரட்டிவிட்டோம். அது கோழைத்தனம்.

மறுவாரம்தான் விடை சொல்லத் துணிந்தோம். குற்றப்பரம்பரைச் சட்டம் 1871இல் பிறந்தது. சென்னை மாகாணத்துக்கு 1911இல் விரிந்தது. இங்கே 1947இல்தான் ஒழிந்தது. ஒரு மக்கட்கூட்டத்தைப் பிறப்பாலேயே குற்றவாளி என்று சட்டம் எழுதுவதற்கு, சமூகத்தின் கற்பனையில் அச்சித்திரம் முன்பே இடம்பிடித்திருக்க வேண்டும். நல்ல நாவலாசிரியரும் தம் காலத்தின் கண்ணாலேயே பார்க்கிறார். அதைக் கண்டுபிடித்தவர் அந்த மாணவர், நாமல்ல. சினத்தோடு கேட்ட அக்கேள்வியும் நூல்நயம் காண்பதில் சேர்ந்ததுதான். வியந்து தலையாட்டுவது மட்டுமே ரசனை என்றால் அது அடிமைத்தனம்.

கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976), பூமணியின் ‘பிறகு’ (1979) ஆகியவற்றைப் பாடமாக வையுங்கள் என்று சொல்பவர்களோடு நமக்குப் பகையில்லை. வைத்தே ஆக வேண்டும். ஆனால் ‘உனக்கு உன் மண்ணின் கதை போதும்’ என்று சொல்லும்போது அந்த எழுத்தாளர்களையும் அவமதிக்கிறோம், மாணவரையும் அவமதிக்கிறோம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு உலக இலக்கியம், மானாவாரிக்காரர் பிள்ளைக்கு அவர் காட்டுக்கதை மட்டும் என்று பங்கு பிரிக்கும் உரிமையை நமக்கு யார் கொடுத்தது?

அந்நாவலில் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்றொரு தமிழ்ப் பண்டிதர் வருகிறார். பாட்டும் பொருளுமாய்ப் பொழிந்துகொண்டிருப்பார். எதிரில் இருப்பவருக்குச் சேர்கிறதா என்ற கவலை அவருக்கில்லை. கதைச்சுருக்கம் எழுதுகிற அவசரத்தில் அவரை நாம் வழக்கமாக விட்டுவிடுவோம். ஏன் விட்டோம் என்பது உரக்கப் படித்த அன்று விளங்கியது. மாணவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். சற்று நேரத்தில் நம்மைப் பார்த்தும் சிரித்தார்கள்.

நாமும் சிரித்தோம். பிறகு அடுத்த பக்கத்தைப் படித்தோம்.