ஓய்வு நேரக் கைப்பணி: கரிச்சுரங்கத்திற்கு ஒரு மாதிரி ரயில்

மாதிரி ரயில் அமைக்க எண்ணும் அன்பர்கள் பெரும்பாலும் முதலில் வினவுவது, "எஞ்சின் எங்கே கிடைக்கும்?" என்பதே. கூட்ஸ் ஆபீஸில் பொழுதைக் கழிக்கும் என் போன்றவன் கேட்கும் முதற்கேள்வி வேறு. வண்டி எதை ஏற்றி, எங்கே இறக்கப் போகிறது? இதற்கு விடை இல்லாத மாதிரி ரயில் வட்டப் பாதையில் சுற்றிச் சுற்றி வரும். பிள்ளைகள் மூன்று நாள் பார்ப்பார்கள்; நான்காம் நாள் அது பரண் ஏறிவிடும். கரிச்சுரங்க ரயிலுக்கு இக்குறை கிடையாது. வெறும் வாகன்கள் சுரங்கத்திற்குப் போக வேண்டும், கரி நிறைந்த வாகன்கள் திரும்ப வேண்டும். அந்த வேலைக்கு முடிவே இல்லை.

இதை நான் பரிந்துரைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தன்பாத், ஜரியா, ஆசன்சோல் முதலிய கரி நாட்டிலே குடியேறிய நம்மவர் பிள்ளைகள் ஹிந்தியும் வங்காளமும் சரளமாகப் பேசுகிறார்கள். அப்பா 'டியூட்டி'க்குப் போகிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். போய் என்ன செய்கிறார் என்பது தெரியாது. அந்த வேலை நடக்கும் இடமோ நம் கண்முன்னே மாறி வருகிறது. நிலத்தடிச் சுரங்கங்கள் குறைந்து, திறந்தவெளிச் சுரங்கங்கள் மிகுந்துவிட்டன. ஜரியாவில் 1916-இல் முதன்முதலாகக் காணப்பட்ட நிலத்தடி நெருப்பு இன்னும் முற்றும் அணையவில்லை. அந்த நெருப்புக்கு அஞ்சி, 34 கிலோமீட்டர் நீளமுள்ள தன்பாத்–சந்திரபுரா பாதையை 2017 ஜூன் மாதம் மூடினார்கள். 2019 பிப்ரவரியில்தான் மறுபடி வண்டி ஓடிற்று. ஒரு ரயில்பாதையே இவ்வாறு மறைந்து மீளுமாயின், பழைய சைடிங்குகளையும் சக்கரக் கோபுரங்களையும் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. அவற்றைப் பிள்ளைகள் கைதொட்டு அறிய ஒரு பலகையும் சில மாலைப்பொழுதுகளும் போதும்.

முதலில் காலத்தை நிச்சயித்துக் கொள்ளுங்கள். இன்று ஓடும் பாக்ஸ்-என் வாகன்கள் 1980-களில் வந்தவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10.7 மீட்டர் நீளம். 58 வாகன் சேர்ந்த ஒரு ரேக்கை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் ஏழு மீட்டருக்கு மேல் நீளும். நம் குவார்ட்டர்ஸ் எதிலும் அவ்வளவு நீண்ட சுவர் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆதலின் நான்கு சக்கர வாகன்கள் ஓடிய நீராவிக் காலத்தையே தேர்ந்தெடுக்குமாறு சொல்வேன். அவற்றுள் ஒன்று இந்த அளவில் எட்டொன்பது சென்டிமீட்டர்தான் வரும். சித்தரஞ்சன் தொழிற்சாலை 1950-இல் தன் முதல் எஞ்சினை வெளியிட்டது, அது டபிள்யூ.ஜி. வகையைச் சேர்ந்த நீராவி எஞ்சின். அதற்குப் பிந்தைய இருபது ஆண்டுகளுக்குள் ஓர் ஆண்டைக் குறித்துக் கொண்டால், சுரங்கத்தில் சிறு ஷண்டிங் எஞ்சின், வெளிப்பாதையில் டபிள்யூ.ஜி. என்று இரண்டையும் வைக்க நியாயம் உண்டு.

நிற்க. அளவு பற்றி ஒரு சொல். கடையில் கிடைக்கும் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர் அகலம். அதை 87-ஆல் பெருக்கினால் 1435 மில்லிமீட்டர். அஃது இங்கிலாந்துப் பாதையின் அகலம். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர் ஆகையால், சரியாகப் போட்டால் 19 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூட வர வேண்டும். இந்த மூன்று மில்லிமீட்டர் குறைக்காக உறக்கம் இழப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சக்கரம், அச்சு, பாயிண்ட்ஸ் எல்லாவற்றையும் தாமே செய்தல் வேண்டும். தொடங்குபவர் அவ்வழி போக வேண்டா. கிடைக்கும் பாதையையே வாங்குங்கள். வாகனின் உடலை மட்டும் நம்மூர் அளவில் அட்டையால் செய்யுங்கள்.

பாதை அமைப்புக்கு ஆங்கிலேயர் ஆலன் ரைட் வகுத்த 'இங்கில்நூக் சைடிங்ஸ்' என்னும் முறையே மிக ஏற்றது. ஐந்தடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள பிளைவுட் பலகை ஒன்று, பாயிண்ட்ஸ் இரண்டு, சைடிங் மூன்று. ஒரு சைடிங்கில் ஐந்து வாகன் நிற்கும். மற்ற இரண்டில் மும்மூன்று. எஞ்சின் முன்னும் பின்னும் போக விட்ட தலைப்பாதையில் எஞ்சினும் மூன்று வாகனும் மட்டுமே கொள்ளும். மொத்தம் எட்டு வாகன்கள். அவற்றுள் ஐந்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, சீட்டு வந்த வரிசைப்படியே ஐந்து வாகன் சைடிங்கில் கோத்து நிறுத்த வேண்டும். இதுவே ஆட்டம். எட்டில் ஐந்தை வரிசையோடு எடுக்க 6720 வழிகள் இருப்பதால், பிள்ளைகளுக்குச் சலிக்காது. யார்டில் ஷண்டிங் ஜமாதார் காலை முதல் மாலை வரை படும் பாடு என்னவென்று வீட்டாருக்கும் விளங்கும்.

இந்த ஆட்டம் சுரங்கத்திற்கு இயல்பாகவே பொருந்துகிறது. குழியிலிருந்து வரும் கரியைச் சலித்து, பெருங்கட்டியை ஸ்டீம் கோல் என்றும், நடுத்தரத்தை ரப்பிள் என்றும், தூளை ஸ்லாக் என்றும் பிரிப்பார்கள். கட்டி ஏற்றிய வாகனும் தூள் ஏற்றிய வாகனும் ஒரே இடத்திற்குப் போவதில்லை. ஆகவே எது முன், எது பின் என்று பிரித்துக் கோப்பது அங்கே உண்மையான தொழில்.

பலகையின் பின்புறம் சக்கரக் கோபுரத்தை நிறுத்துங்கள். இருபது மீட்டர் உயரக் கோபுரம் இந்த அளவில் 23 சென்டிமீட்டர் ஆகும். மூங்கில் குச்சியும் ஊதுவத்திக் குச்சியும் போதும். பலர் இதை நான்கு நேர்க்கால் கொண்ட பரண் போலக் கட்டிவிடுகிறார்கள். அது பிழை. குழியின் வாயிலிருந்து மேலே வரும் இரும்புக் கயிறு, உச்சிச் சக்கரத்தைச் சுற்றி, கயிறு சுற்றும் எஞ்சின் அறைக்குச் சாய்வாக இறங்குகிறது. அந்த இழுப்பு கோபுரத்தை எஞ்சின் அறைப் பக்கம் சாய்க்கப் பார்க்கும். அதைத் தாங்கவே அந்தப் பக்கத்தில் இரண்டு நீண்ட சாய்கால்கள் வைத்திருப்பார்கள். சக்கரங்கள் இரண்டு, கயிறும் இரண்டு. ஒரு கூண்டு ஏறும்போது மற்றொன்று இறங்கும். ஒன்றின் எடையை ஒன்று தாங்கும். குழியடியிலிருந்து கரி கொண்டு வரும் டப் வண்டிகளுக்கு இரண்டடிப் பாதை போதும். அஃது இங்கே ஏழு மில்லிமீட்டர். இதில் வண்டி ஓட வேண்டியதில்லை ஆகையால், செப்புக் கம்பியை அட்டைமேல் ஒட்டிப் பாதை செய்து கொள்ளலாம்.

எடைமேடையை மறக்க வேண்டா. படத்திலும் கடையிலும் காணும் மாதிரிச் சுரங்கங்கள் பலவற்றில் அது இல்லை. என் கண்ணுக்கு அவை கல்லாப்பெட்டி இல்லாத கடை போலத் தோன்றும். ரயில்வேக்குக் கூலி எடைக்குத்தான். அளவுக்கு மிஞ்சினால் அபராதம். குறைந்தாலும் வாகனின் கொள்ளளவுக்கே கூலி கட்ட நேரும். ஏற்றுவதற்குக் கொடுத்த நேரம் கடந்தால் மணிக்கணக்கில் டெமரேஜ். தலைப்பாதையில், தண்டவாளத்தின் இருபுறமும் மெல்லிய அட்டை ஒட்டி, பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு குமாஸ்தா அறை வைத்தால் முடிந்தது. அந்த அறையில் ஒரு நாற்காலியும் வையுங்கள்.

இனிக் கரி. வாகன் உள்ளளவுக்குத் தெர்மகோல் வெட்டி, மேல்பக்கம் குவியலாகச் செதுக்கிக் கறுப்பு வர்ணம் பூசுங்கள். வீட்டு அடுப்புக்கரியை அன்று. உண்மையான நிலக்கரித் துண்டு ஒன்றைத் துணியில் சுற்றி நசுக்கி, சல்லடையில் சலித்து, தூளை நீரில் அலசிக் காய வைத்து எடுங்கள். அலசாத தூள் தண்டவாளத்தில் படிந்து மின்சாரத்தைத் தடுக்கும். எஞ்சின் திக்கித் திக்கி நிற்கும். ஃபெவிகாலை நீரில் கரைத்து, அதில் பாத்திரம் துலக்கும் சோப்புக் கரைசல் ஒரு துளி விட்டால் பசை கரியினுள் நன்றாக இறங்கும். தெர்மகோலின் நடுவே, கரியின் அடியில் மறைவாக ஓர் இரும்பு வாஷரைப் பதித்து விடுங்கள். பிறகு மேலிருந்து காந்தம் காட்டினால் குவியல் முழுவதும் எழுந்து வரும். வெறும் வாகன் நிறைவதும் நிறைந்தது வெறுமையாவதும் நொடியில் ஆகும்.

மனித உருவங்களைப் பற்றி எனக்குத் திடமான கருத்து உண்டு. ஆளில்லாத சுரங்கம் அழகாக இருக்கும். ஆனால் பொய்யாக இருக்கும். நாம் எடுத்துக்கொண்ட காலத்தில் பல சுரங்கங்களில் வாகனை நிறைத்தது இயந்திரம் அன்று, கூடை. ஆணும் பெண்ணும் தலையில் கூடையேந்திச் சாய்பலகை ஏறிக் கொட்டினார்கள். பெண் தொழிலாளரை அந்நாட்டில் 'காமின்' என்பர். அவர்களைக் குழிக்குள்ளே காட்டலாகாது. 1929-இல் வந்த விதிகள் பெண்களை நிலத்தடி வேலையிலிருந்து படிப்படியாக விலக்கின. போர்க்காலத்தில் 1943-இல் அத்தடை தளர்ந்து, 1946-இல் மீண்டது. 1952-ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே நிலைநிறுத்தியது. 2019-இல்தான் சில நிபந்தனைகளோடு மறுபடி அனுமதி வந்தது. ஆகவே வெளியே, பகல் வெளிச்சத்தில், கூடையோடு நிறுத்துங்கள். களிமண்ணில் முக்கால் அங்குலத்திற்குச் சற்றுக் குறைவாக உயரம் பிடித்து, சேலைக்குக் கிழிந்த துணியின் நூலைச் சுற்றலாம். இன்றைய காலத்தை எடுத்துக்கொண்டவர்கள், மூட்டை மூட்டையாகக் கரி கட்டிய சைக்கிளைச் சாலையில் தள்ளிக்கொண்டு போகும் மனிதர் ஒருவரையாவது வைக்க வேண்டும். அது சட்டத்திற்கு உட்பட்டதா என்று பிள்ளை கேட்கும். கேட்கட்டும். அவர் ஏன் தள்ளுகிறார் என்றும் கேட்கும். இரண்டிற்கும் விடை சொல்லும் கடமை நமக்கு உண்டு.

ஒரு பலகை ஓடத் தொடங்கியதும் ஆசை வளரும். அப்போது பின்னால் இன்னொரு பலகையைச் சேர்த்து, இடையே ஒரு தடுப்புச் சுவர் வைத்து, சுவரின் அடியில் இரண்டு பாதைகளை ஊடே விடுங்கள். சுரங்கப் பக்கம் முதற்பாதையில் தள்ளிய வெறும் வாகன்கள் மறுபக்கம் வெறுமையாகவே வெளிவரும். கரியை இறக்கிவிட்டுத் திரும்புவனபோல் தோன்றும். மறுபக்கத்தில் இரண்டாம் பாதையில் உள்ளே தள்ளிய நிறைவாகன்கள் சுரங்கப் பக்கம் நிறைந்தே வரும். காந்தம் வேண்டா, கைவேலை வேண்டா. மறுபக்கத்தில் என்ன வைப்பது? ஜரியாக் கரியின் பெருமை எஃகு உலைக்கு ஏற்ற கோக் கரி என்பதில் இருப்பதால், எஃகாலை ஒன்றை வைப்பதே முறை. ராணிகஞ்சு வட்டாரத்தை எடுத்துக்கொண்டு, காலத்தையும் 1980-களுக்கு நகர்த்தியவர்கள் ஹல்தியாத் துறைமுகத்தை வைக்கலாம். அங்கே கப்பலேறிய கரி தூத்துக்குடி அனல்மின் நிலையத்திற்குச் சென்றதுண்டு. அட்டையால் ஒரு கப்பலின் பக்கத்தோற்றத்தைச் சுவரில் ஒட்டினால், பாட்டி வீட்டு விளக்கு எங்கிருந்து எரிந்தது என்று காட்ட ஒரு வழி ஆயிற்று.

பாயிண்ட்ஸை எட்ட இருந்து இழுக்கும் கம்பியையும், 12 வோல்ட் மின் இணைப்பையும் பற்றி அடுத்த திங்கள் எழுதுவேன். அதற்குள் பலகையை அறுத்து, ஈரம் ஏறாதபடி இருபுறமும் வர்ணம் பூசிக் காய வைத்துக் கொள்ளுங்கள்.