தீராத பாக்கியும் திட்டும் முதலாளியும்

வேலையிடத்துச் சிடுமூஞ்சிகளைச் சமாளிப்பது எப்படி என்று கேட்டால், எல்லா வாரப் பத்திரிகைகளும் ஒரே மருந்தைத்தான் எழுதித் தருகின்றன. பொறுமையாக இருங்கள், வாக்குவாதம் வேண்டாம், முடியாவிட்டால் வேறு வேலை பாருங்கள். கடைசியில் சொல்வதில்தான் விஷயமே இருக்கிறது. வேறு வேலைக்குப் போக முடிந்தவரின் பொறுமைக்குத்தான் மரியாதை. நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓட்டுகிற பலருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. காரணம், முதலாளியிடம் வாங்கிய பாக்கி.

வேலையில் சேரும்போதே கொடுக்கப்படும் முன்பணம் இது. கல்யாணம், பிரசவம், ஆஸ்பத்திரிச் செலவு என்று மேலும் மேலும் ஏறும். விலக நினைத்தால் முழுத் தொகையையும் எண்ணி வைக்க வேண்டும். அல்லது அதை அடைக்கச் சம்மதிக்கும் இன்னொரு பட்டறைக்காரரைப் பிடிக்க வேண்டும். தறிகளின் இரைச்சலில் பட்டறைக்குள் சாதாரணப் பேச்சு காதில் விழாது. வேலை சொல்வதும் கத்தல், வசவும் கத்தல். துணியில் இழை விட்டுப்போனதற்கு முதலாளியோ மேஸ்திரியோ திட்டும்போது, தறியை நிறுத்திவிட்டு நியாயம் கேட்டால் மீட்டர் கணக்கில் வரும் கூலி போகும். பதில் பேசாமல் தறியைப் பார்ப்பதே லாபம் என்று நெசவாளி கணக்குப் போடுகிறார். இதைச் சகிப்புத்தன்மை என்று பாராட்டுவது அபத்தம். அதே முதலாளி, ஆள் தட்டுப்பாடு வரும்போது வீடு தேடி வந்து தன்மையாகக் கூப்பிடுவதும் உண்டு. ஆகவே கோபத்தைச் சுபாவம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. எதிரே நிற்பவர் போய்விட மாட்டார் என்ற தைரியம் அதில் பெரும்பங்கு.

பட்டறைக்காரர்கள் இதை ஒப்பமாட்டார்கள். ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிடுகிறவர்களிடம் நாங்கள்தான் மாட்டிக்கொண்டு முழிக்கிறோம் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. 1990-களில் குமாரபாளையத்தில் ஆய்வு செய்த மானுடவியலாளர் கீர்ட் டி நேவ், பாக்கி தொழிலாளியை முழுக்கக் கட்டிப்போடுவதில்லை, அவரும் அதை வைத்துப் பேரம் பேசுகிறார், பட்டறை மாறுகிறார் என்று எழுதியிருக்கிறார். ஆனால் பட்டறை மாறினாலும் கடன் மாறுவதில்லை. புது முதலாளியின் பேரேட்டில் ஏறிக்கொள்கிறது. பள்ளிபாளையம் பகுதியில் விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2025 ஜூலையில் வெளியானபோது, இந்தக் கடன் எவ்வளவு ஆழம் என்பது ஊருக்கே தெரிந்தது. அவ்வளவு ஆழத்தில் நிற்பவரிடம் மேஸ்திரியை அனுசரித்துப் போகச் சொல்ல ஆலோசகர் தேவையில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். முன்பணம் வாங்கியதற்காக வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தை இழப்பதும் கொத்தடிமை முறைதான் என்கிறது 1976-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் கடனையே ரத்து செய்கிறது. இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குறைதீர்க்கும் குழு வேண்டும் என்கிறது தொழிலுறவுச் சட்டம். சேலம் உருக்காலையிலும் கடுகடுப்பான அதிகாரி இருக்கலாம். அங்கே தொழிற்சங்கம் இருக்கிறது, புகாரை எழுத்தில் கொடுக்கலாம். ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் தறிப்பட்டறைக்குக் குறைதீர்க்கும் குழு எட்டாது. தார் சுற்றும் பெண்ணிடம் ஒருவர் அத்துமீறினால், பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்கென 2013-ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் ஏற்படுத்திய மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். அந்தக் குழு எங்கே இருக்கிறது என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

சிறு பட்டறைகளைத் தேடிப்பிடித்துக் கண்காணிப்பது நடக்கிற காரியமா என்பது அதிகாரிகளின் வழக்கமான பதில். அதை ஏற்பதற்கில்லை. விசைத்தறிகளுக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 2023-இல் 1,000 யூனிட்டாக உயர்த்தியது தமிழக அரசு. எந்தச் சந்தில் எந்தப் பட்டறை ஓடுகிறது என்பது மின்வாரியத்தின் பதிவேட்டில் இருக்கிறது. அந்தச் சலுகையோடு இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கலாம். பாக்கி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று எழுதிய கணக்குப் புத்தகம் தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும். உள்ளூர்க் குழுவின் தொலைபேசி எண் பட்டறைக் கதவில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. நாமக்கல் மாவட்ட நிர்வாகம் அரசுக்கு ஒரு பரிந்துரை அனுப்பித் தொடங்கிவைக்கலாம்.